பேலியோவுக்கு வீல்

ஜனவரி 4, 2025, சனி. பத்மாராவ் நகர்

பஞ்சர் கடையில் முன் இடது வீலைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. டயரில் ஓட்டை இல்லை. டயர் உட்காருகிற ரிம் விளிம்பு துருவேறிப் பொரிந்துபோயிருக்கிறது. காற்று அந்த வழியாகத்தான் கசிகிறது. பின் வலது வீல் ஏதோ குழியில் அடிபட்டு ஓரம் உள்வாங்கியிருக்கிறது. தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடித்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்றார் கடைக்காரர். செகந்திராபாத்துக்குள் ஓட்ட அது போதும். ஆனால் இந்த வண்டியில்தான் நாங்கள் எல்லோரும் கர்னூல் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம்.

2004-ல் வாங்கிய ஃபியட் பேலியோ 1.6. ஏபி 10 எண். போன வருஷம் ஆர்சியை மறுபடி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று. இன்ஜின் இன்னும் அப்படியே இழுக்கிறது. ஸ்டீயரிங்கின் கனம் இன்றைய எந்தச் சின்ன வண்டியிலும் கிடைக்காது. பேலியோ 2001-ல் மும்பை குர்லாவிலிருந்து வந்த நாட்களில் விளம்பரத்தில் சச்சின் நின்றார். அதே குர்லாவில்தான் அதற்கு முன் பிரீமியர் பத்மினி பிறந்தது. பிறகு தயாரிப்பு புனே பக்கம் ரஞ்சன்காவுக்குப் போனது. இப்போது ஃபியட் என்ற பெயரில் இங்கே புதுக் கார் எதுவும் விற்பனைக்கு இல்லை. இன்ஜின் பாகத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். 13 அங்குல இரும்பு வீல் புதிதாகக் கேட்டால் எல்லோரும் கையை விரிக்கிறார்கள்.

அலாய் வீல் போடுவது என்று முடிவு. அழகுக்காக இல்லை என்று சொன்னால் பொய். அழகுக்காகவும்தான்.

ஜனவரி 5, ஞாயிறு

காலை முழுக்க வண்டியடியில். ஒரு வீலைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்த்து, வெர்னியர் வைத்து அளந்தேன். நாலு ஓட்டை. எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 98 மில்லிமீட்டர். இதுதான் பிசிடி. ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் வளையம் 58.1. போல்ட் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25.

இந்த ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை நாலுக்கு 100. ஸ்விஃப்ட், ஐ20, ஹோண்டா சிட்டி, இண்டிகா எல்லாம் அதில்தான். பழைய மாருதி 800 நாலுக்கு 114.3. அந்த எண் விநோதமாகத் தெரிந்தாலும் அது சரியாக நாலரை அங்குலம். ஃபோர்டு பயன்படுத்தும் 108 நாலேகால் அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட சமம். 98 எந்த அங்குலக் கணக்கிலும் வராது. அது இத்தாலிக்காரர்களின் அளவு. ஃபியட்டும் லான்சியாவும் தலைமுறை தலைமுறையாக அதிலேயே நின்றன. ஃபியட் 124-ஐ உரிமத்தோடு வாங்கிப்போய் சோவியத் யூனியனில் தொலியாத்தி நகரத்தில் லாடாவாகச் செய்தார்கள். அதனால் 98 அளவும் ரஷ்யாவுக்குக் குடியேறிவிட்டது. ஓர் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவரின் பெயரை வைத்துக்கொண்ட ரஷ்ய நகரத்தில் எனக்கு வேண்டிய வீல் கடை கடையாகத் தொங்கும். ராணிகஞ்சில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

இன்னொரு வித்தியாசம். மாருதியிலும் ஹோண்டாவிலும் ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும். வீலை அதில் மாட்டி நட் போடுவார்கள். ஃபியட்டில் ஸ்டட் கிடையாது. வீலைக் கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டை உள்ளே திருக வேண்டும். ஆகவே மாருதியின் நட்டும் 1.25 மரைதான் என்றாலும் எனக்கு உதவாது.

ஜனவரி 7, செவ்வாய்

ராணிகஞ்ச். ஆட்டோ ஸ்பேர் கடைகளும் பேரிங் கடைகளும் நெரிசலாக இருக்கும் இடம். மதியம் போனதால் நிறுத்த இடம் கிடைத்தது.

வீல் கடையில் சுவர் நிறைய அலாய். பெரும்பாலும் எட்டு ஓட்டை: 100-க்கு நாலு, 114.3-க்கு நாலு. ஒரே வீலை ஊரில் பாதி வண்டிகளுக்கு விற்றுவிடலாம். 98 என்றதும் கடைக்காரர் சிரித்தபடி, “டென்ஷன் நக்கோ லேவ் சாப், 100 ஏறிடும்” என்றார். பையன் ஒரு வீலைத் தூக்கிக்கொண்டு வந்து என் வண்டியில் மாட்டியும் காட்டினான். முதல் போல்ட் விரலாலேயே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது இரண்டு சுற்றில் நின்றது. நீளமான பாரைப் போட்டு மிதித்தான், போனது. நாலாவதையும் அப்படியே மிதித்து இறக்கினான். வீலை அடித்துக் காட்டி, “பாத்தீங்களா, அசையல” என்றார் கடைக்காரர்.

கழற்றச் சொன்னேன். போல்ட்டின் கூம்பு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று அலுமினியம் ஒட்டியிருந்தது. மறுபக்கத்தில் தொட்ட அடையாளமே இல்லை. அந்தப் போல்ட்டை அவர்களிடம் காட்டினேன். பத்து வருஷமாக இப்படித்தான் போட்டுக் கொடுக்கிறோம், யாரும் திரும்பி வரவில்லை என்றார். சண்டை போட மனம் வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 8, புதன், இரவு

அந்த ஒரு பக்கப் பளபளப்பு நேற்றிலிருந்து கண்ணிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டு எழுதி வைக்கிறேன்.

வண்டியின் பாரத்தைப் போல்ட்கள் ஆணி மாதிரி தாங்குவதில்லை. நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். போல்ட்டின் வேலை வீலை ஹப்போடு சேர்த்து அழுத்துவது. ஃபியட் சொல்லும் இறுக்கம் 86 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் அது ஏறத்தாழ மூன்றரை டன் இழுவிசையாக மாறும். நாலு போல்ட்டுக்குப் பதினாலு டன். அந்த அழுத்தத்தில் இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே உராய்வு மட்டும் இரண்டு டன் வரை தாங்கும். மொத்த வண்டியே ஏறத்தாழ ஒரு டன்தான். பிரேக் போட்டாலும் குழியில் விழுந்தாலும் வீல் நகராமல் இருப்பது இதனால்தான்.

98-க்கும் 100-க்கும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. கூம்பு ஒரு விளிம்பில் மட்டும் உட்காருகிறது. நாம் ஸ்பானரில் போடும் பலத்தில் பெரும்பகுதி போல்ட்டை வளைக்கப் போகிறது, அழுத்தமாக மாறுவதில்லை. ரென்ச் சரியான இறுக்கத்தில் ‘டிக்’ என்று சொல்லும். உள்ளே மூன்றரை டன் இருக்காது. வளைந்த போல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் நெளியும். ஒன்று தளரும், அல்லது களைத்து முறியும். யாரும் திரும்பி வரவில்லை என்பது எனக்குச் சமாதானம் ஆகவில்லை. திரும்பி வராதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

மையம் விலகுவது தனிக் கதை. முதலில் இறுக்கிய போல்ட் வீலைத் தன் பக்கம் ஒரு மில்லிமீட்டர் வரை இழுத்துக்கொள்ளும். டயரோடு 15 கிலோ எடையுள்ள வீல், நூறு கிலோமீட்டர் வேகத்தில், ஒரு மில்லிமீட்டர் விலகிச் சுற்றினால் கிட்டத்தட்ட 14 கிலோ விசை நொடிக்குப் பதினைந்து தடவை ஹப்பை உதறும். பாலன்சிங் இதைச் சரிசெய்யாது. பாலன்சிங் மெஷின் வீலை அதன் நடு ஓட்டையால் பிடித்துச் சுற்றுகிறது. அங்கே பூஜ்யம் காட்டும். வண்டியில் ஏறியதும் வேறு மையத்தில் சுற்றும்.

மாற்று வழிகளையும் யோசித்தேன். கூம்பு தனி வளையமாக நகரும் போல்ட்கள் உண்டு. 98-க்கும் 100-க்கும் நடுவிலுள்ள அந்த ஒரு மில்லிமீட்டருக்காகவே செய்தவை. நல்ல தயாரிப்பாக இருந்து, ஹப்பில் மையம் பிடிக்கும் வளையமும் இருந்தால் அதை ஏற்பேன். பெட்டியில் பெயரும் இல்லாமல் கடை மேஜையில் குவிந்து கிடப்பதை ஏற்க மாட்டேன். அடாப்டர் தட்டு போட்டால் வீல் 20 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கேடு, டயரும் ஃபெண்டரில் உரசும். பழைய ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்துப் புது ஓட்டை போடுவதாக ஒருவர் போனில் சொன்னார். அது கூடவே கூடாது. இந்த அலுமினியம் தன் பலத்தை வெப்பப் பதத்தால் பெறுகிறது. 540 டிகிரி அளவில் காய்ச்சி, தண்ணீரில் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துச் செய்த பதம். வெல்டிங் தீ பட்ட இடத்தில் அது போய்விடும். அதுவும் போல்ட் அழுத்துகிற அதே இடத்தில்.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. காலையில் கோயில் கூட்டம். மதியம் மறுபடி ராணிகஞ்ச், வேறு கடை. வயதான பாய் ஒருவர் கல்லாவில். 98 என்று நான் சொன்னதும் மறுபேச்சில்லாமல், “ஃபியட்டா?” என்றார். பிறகு, “ஃபோர்டுக்குன்னு வந்த மால் மேல கிடக்கு பேட்டா, அதுல உங்க ஓட்டையும் இருக்கணும்” என்று மச்சுக்கு ஆள் அனுப்பினார்.

தூசி படிந்த நாலு பெட்டி இறங்கியது. 14 அங்குலம், 6 அங்குல அகலம். எட்டு ஓட்டை: நாலு 108-ல், நாலு 98-ல். ஃபோர்டு ஐகான் ஓடிய காலத்துச் சரக்கு. ஃபோர்டும் 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இங்கிருந்து போன இரண்டு கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு வீல் மச்சில் காத்திருந்திருக்கிறது.

அவசரப்படவில்லை. வெர்னியர் எடுத்துப் போயிருந்தேன். நாலு வீலிலும் 98. ஓட்டையின் உள் சரிவு 60 டிகிரிக் கூம்பு. என் போல்ட்டும் கூம்புதான். நடு ஓட்டை 67.1. பின்புறம் அலாய் வீலுக்கான ஜேடபிள்யூஎல் தர முத்திரை வார்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றையும் வெயிலில் சாய்த்து, ஸ்போக்கின் வேர்களிலும் போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும் விரிசல் தேடினேன். இல்லை. ஆஃப்செட், அதாவது வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை உள்ள தூரம், 38 மில்லிமீட்டர். பழைய இரும்பு வீலின் மேல் பட்டையை வைத்து அளந்து நான் கணக்கிட்டதும் கிட்டத்தட்ட அதுவேதான். ஆகவே கூடுதலாக வரும் அரை அங்குல அகலம் உள்ளே ஆறு, வெளியே ஆறு மில்லிமீட்டராகப் பிரிந்துவிடும்.

பாய் விலையைப் பேச விடவில்லை. பழைய ரேட்டிலேயே போட்டார். டயர் 185/60 R14 எடுக்கப்போகிறேன். இப்போது இருக்கும் 175/70 R13-ன் விட்டம் 575 மில்லிமீட்டர், புதியது 577.6. அரை சதவீதம்கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது.

ஜனவரி 11, சனி. பாலாநகர்

வீலின் நடு ஓட்டை 67.1, ஹப் 58.1. விட்டத்தில் ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம். இதை நிரப்ப ஹப் ரிங் வேண்டும். 58.1-க்கு ரெடிமேடாக எங்கும் இல்லை. ஆனால் லேத் இருக்கும் ஊரில் வளையத்துக்கு என்ன பஞ்சம்?

பாலாநகர் எனக்குப் பிடித்த இடம். ஹைடெக் சிட்டிதான் ஹைதராபாத் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து சந்துகளில் நடக்க வேண்டும். 1968-லிருந்து இங்கே மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. டூல் அண்ட் டை வேலையை முறையாகக் கற்றுத்தரும் இடம். சுற்றிலும் கடைசல் பட்டறைகள். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துப் பேசுகிற ஆட்கள்.

நான் போன பட்டறைக்காரர் அந்த நிறுவனத்தில் படித்தவர். படம் வரைந்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “ஹப்பை நீங்க அளந்தது சரி. நானும் அளக்கணும் சார்” என்று வண்டியை உள்ளே விடச் சொன்னார். நாலு ஹப்பையும் நாலு வீலையும் அளந்தார். ஒரு வீலின் ஓட்டை 67.15. அதற்கு மட்டும் தனி வளையம், தனி அடையாளம் என்று குறித்துக்கொண்டார். வெளி விட்டம் 67.05, உள் விட்டம் 58.15, உள்ளே நுழைய ஒரு சாய்வு. பிளாஸ்டிக் போதாதா என்று கேட்டேன். அலுமினியமே செய்வோம், ஆனால் ஹப் இரும்பு என்பதால் மழையில் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும், மாட்டும்போது ஹப்பின் கழுத்தில் மட்டும் துளி காப்பர் கிரீஸ் தடவுங்கள் என்றார். முகத்திலும் மரையிலும் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். மரையில் கிரீஸ் இருந்தால் அதே 86-க்குப் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

பண்டிகைக்கு முன்பே தருவதாகச் சொன்னார். சொன்னபடி மாலையிலேயே போன் வந்தது. வளையத்தை வீலில் வைத்தால் தானாக விழவில்லை, கட்டை விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஜனவரி 13, திங்கள், போகி

ஊர் காலி. விஜயவாடா சாலையில் வண்டிகள் நகரவில்லை என்று டிவியில் காட்டுகிறார்கள். மொட்டை மாடிகளில் பட்டம்.

டயர் இல்லாமல் வெறும் ரிம்மை மாட்டிப் பார்த்தேன். இரும்பு வீலுக்கான பழைய போல்ட் அலாய்க்குக் குட்டை. அலாயின் போல்ட் இருக்கை தடிமன். மரைக்குள் ஐந்து சுற்றுதான் போனது. குறைந்தது போல்ட் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும்: 12 மில்லிமீட்டர், அதாவது ஒன்பது பத்துச் சுற்று. கோயம்புத்தூர் மச்சானிடம் சொல்லியிருந்தேன். அவர் அனுப்பிய நீள போல்ட்கள் சனிக்கிழமையே கூரியரில் வந்திருந்தன. மாட்டினால் பத்துச் சுற்றைத் தாண்டிப் போகிறது. அடுத்த பயம், நீளம் அதிகமாகிப் பின்பக்கம் டிரம்முக்குள் இடிக்குமோ என்பது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வீலைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டேன். உரசல் இல்லை. முன்னே காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே சுண்டு விரல் நுழைகிறது. ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்த்தாயிற்று.

“பொங்கல் சாமான் வாங்கப் போகணும், வண்டிக்கு வீல் இருக்கா?” என்று வீட்டில் கேட்டார்கள். பழைய வீலிலேயே மோண்டா மார்க்கெட் போய் வந்தோம். கரும்பு, மஞ்சள் கொத்து.

ஜனவரி 16, வியாழன்

டயர் ஏற்றி, பாலன்சிங், அலைன்மென்ட். ஏர் கன்னால் போல்ட்டை முடுக்க வந்த பையனைத் தடுத்து, “தம்பி, நானே போட்டுக்கறேன்” என்று டார்க் ரென்ச்சை எடுத்தேன். வீல் காற்றில் தொங்கும்போது நாலையும் விரலால் கடைசி வரை, பிறகு குறுக்கும் நெடுக்குமாகப் பாதி இறுக்கம், தரையில் இறக்கி 86. பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். கடைசி வீலை அவனிடமே கொடுத்தேன். சரியாகச் செய்தான்.

ஜனவரி 18, சனி

டாங்க் பண்ட் வழியாக மெஹதிபட்டினம். என்டிஆர் மார்கில் 2023 பிப்ரவரியில் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தது நினைவுக்கு வந்தது. அந்த வண்டிகளில் வீலுக்கு நடுவே ஒரே ஒரு நட். பிசிடி என்ற தொல்லையே அவர்களுக்கு இல்லை.

பி.வி. நரசிம்ம ராவ் விரைவுப் பாலம், 11.6 கிலோமீட்டர். எண்பதில் ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் பிடித்தேன். நடுக்கம் இல்லை. ஷம்ஷாபாத்தில் வெளிவட்டச் சாலை ஏறி நூறு. பழைய 13 அங்குலத்தில் தொண்ணூறுக்கு மேல் வரும் மெல்லிய அதிர்வு, அதுதான் இந்த வண்டியின் குணம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தது, இல்லவே இல்லை. சின்னக் குழிகளைக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறது. டயரின் பக்கச் சுவர் குறைந்ததன் விலை அது.

வீடு திரும்பி, வீல் ஆறிய பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி ரென்ச்சால் சோதித்தேன். எதுவும் நகரவில்லை.

டிக்கியில் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு வீல்தான். நல்ல நிலையில் இருந்ததை வைத்திருக்கிறேன். அதற்கு நீள போல்ட் போட்டால் நுனி டிரம்முக்குள் இடிக்கும். ஆகவே நாலு குட்டை போல்ட்டைத் துணியில் கட்டி, ‘ஸ்டெப்னிக்கு இது மட்டும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஜாக்கியோடு வைத்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் இந்த வண்டியை ஓட்டுகிறாள்.

ஜனவரி 21, செவ்வாய்

ராணிகஞ்ச் பாய் போன் செய்தார். மல்காஜ்கிரியிலிருந்து ஒருவர் பேலியோவோடு வந்திருக்கிறாராம். மச்சில் இன்னொரு செட் இருக்கிறது, வளையம் எங்கே செய்தீர்கள் என்று கேட்டார். பட்டறையின் முகவரியையும் என் படத்தையும் அனுப்பினேன். வெளி விட்டம் 67.05, உள் விட்டம் 58.15; அளவை நம்பி வெட்ட வேண்டாம், அந்த வண்டியின் ஹப்பையும் ஒவ்வொரு வீலையும் தனித்தனியாக அளந்த பிறகு வெட்டச் சொல்லுங்கள், நீள போல்ட்டும் வேண்டும், ஸ்டெப்னிக்குக் குட்டை போல்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம் என்று கீழே எழுதியிருக்கிறேன்.